ராப் வீட்டுக் காட்டைக் கூட்டிய வாரம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு குப்பைத் தொட்டிக்குள்ளிருந்து கிடைத்தது. ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் முற்றத்தில் நான்கு தொட்டிகள் நிற்கின்றன. மக்கும் குப்பைக்கு உரியது பழுப்பு நிறத் தொட்டி. ஒரு வியாழன் காலை எட்டேகாலுக்கு அதற்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு நின்றபோது, 'இதை எழுதினால் என்ன?' என்று தோன்றியது. ஒரு உயிர் போகுமா இருக்குமா என்றிருக்கிற நேரத்தில் கதை நினைப்பு வருகிறவளை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம் ஒன்று: "கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காடு மெல்லக் கண்விழித்…"

(அடித்துவிட்டேன். காடு எங்கேயாவது தூங்குமா?)

தொடக்கம் இரண்டு: "பச்சோந்தி என்றதும்…"

(இதுவும் வேண்டாம். உடனே கட்சி மாறிய யாரையாவது நினைத்துக்கொள்வீர்கள். இவை குள்ளப் பச்சோந்திகள், கட்டைவிரல் அளவுதான் இருக்கும். காய்ந்த இலை மாதிரி இருப்பதைத் தவிர வேறு வித்தை பெரிதாகத் தெரியாது.)

2

ராப் மூன்றாம் மாடிக்காரர். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பச்சோந்திகளுக்கான அந்தக் கண்ணாடிப் பெட்டியை அவர் அமைத்ததை நான் முழுக்கக் கூட இருந்து பார்த்தேன். அடியில் களிமண் உருண்டைகள், அதன்மேல் வலை, வலைக்கு மேல் மணல் கலந்த மண். பிறகு பன்னச் செடி, பாசி, குச்சிகள். கடைசியாக, காட்டில் பொறுக்கி வந்த கருவாலி (ஓக்) மர இலைகளைப் பூச்சி போக அடுப்பில் வாட்டினார். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரம். யாரோ எதையோ கருக்கிவிட்டார்கள் என்று நாலு மாடியும் கதவைத் திறந்து பார்த்தது.

அதற்குப் பிறகு ஆறு வாரம் பெட்டியை வெறுமையாகவே வைத்திருந்தார். செடி வேர் பிடிக்க வேண்டுமாம். மண்ணுக்குள் விட்ட கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பெருக வேண்டுமாம். வெறும் பெட்டியைப் பார்க்க என்னை அழைத்து, எதிரே இரண்டு நாற்காலியும் போட்டார். நானும் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டாரோடு நல்லபடி இருக்க வேண்டும் அல்லவா?

பிறகு ஒரு பச்சோந்திச் சோடி வந்தது. வசந்தத்தில் பெண்ணின் வயிறு புடைத்தது. ராப் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதே வாரம் அவருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சைக்கு நாள் வந்துவிட்டது. அதன் பிறகு நடைப்பயிற்சி தரும் மருத்துவமனையில் மூன்று வாரம். பெட்டியின் பொறுப்பையும், இரண்டு பக்கத்தில் எழுதிய குறிப்பையும், வீட்டுத் திறப்பையும் (சாவிதான்) அவர் ஒப்படைத்தது…

3

இந்த இடத்தில் ஒரு பாத்திரம் தேவைப்படுகிறது. ஸ்வான்ட்யே என்று ஒரு மாணவி, நான்காம் மாடி. காதில் எப்போதும் பாட்டு, சொன்னது எதுவும் நினைவில் நிற்காது. அவளிடம்தான் திறப்பு கொடுக்கப்பட்டது.

ஸ்வான்ட்யேயை இரண்டு வரைவுகளில் வைத்திருந்தேன். மூக்குத்திகூடப் போட்டுவிட்டேன். ஆனால் வாயைத் திறந்தால் என்னைப் போலவே சாக்குச் சொல்கிறாள். சரி, அவளை அனுப்பிவிடுகிறேன். நான்காம் மாடியில் இருப்பவர் ஒரு பல் வைத்தியர், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திறப்பை வாங்கியது நான்தான்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தண்ணீர் தெளித்தேன், பழ ஈக்களைப் போட்டேன். அப்புறம் பாரிசில் மச்சாளின் மகளுக்குக் கல்யாணம். நான்கு நாள். திறப்பைக் கீழ்வீட்டு ஃப்ளைடரர் அம்மாவிடம் கொடுத்தேன். எழுபத்துநாலு வயது, கை சுத்தம், வாக்குச் சுத்தம். குறிப்பைக் கொடுக்கவில்லை, வாயாலேயே சொன்னேன்: தண்ணீர், ஈ, அவ்வளவுதான். இரண்டாம் பக்கத்தில் ராப் இரண்டு தடவை கோடிட்டிருந்த வரி இது: "இலைகளை யாரும் தொட வேண்டாம்." சேலைக்குப் பிளவுஸ் தேடிக்கொண்டிருந்த அவசரத்தில் இரண்டாம் பக்கத்துக்கு நான் போகவேயில்லை.

4

எங்கள் கட்டடத்தில் படிக்கட்டைக் கூட்டுவது முறைவைத்து நடக்கும். யாருடைய வாரமோ அவர் கதவில் ஒரு பலகை தொங்கும். நான் பாரிசில் இருந்த வாரம் பலகை ராப்பின் கதவில். மனிதர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று ஃப்ளைடரர் அம்மா அவருக்காகப் படியைக் கூட்டினார், துடைத்தார், கைப்பிடியைப் பளபளப்பாக்கினார். பிறகு தண்ணீர் தெளிக்க உள்ளே போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சருகு.

வியாழன் காலை நான் திரும்பி வந்து ஃப்ளைடரர் அம்மாவோடு உள்ளே போய்ப் பார்த்தபோது பெட்டி பளிச்சென்று இருந்தது. ஆண் குச்சியில் இருந்தது. ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது, மற்றதால் ஃப்ளைடரர் அம்மாவை. பெண்ணைக் காணவில்லை.

"இலையெல்லாம் எங்க?" என்று கேட்டேன். (பேசியது ஜெர்மன், எழுதும்போது எங்கள் ஊர்த் தமிழாகிவிடுகிறது.)

"பழுப்புத் தொட்டிக்குள்ள. பயப்பிடாதேங்கோ, பிளாஸ்ரிக்கோட கலக்கேல்ல."

"அதில ஒரு இலை பச்சோந்தி, அம்மா."

அவர் ராப்பின் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து தன் வீட்டுக்குப் போய், இஸ்திரி போட்ட படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து வந்து முற்றத்தில் விரித்தார். தொட்டியை அதன்மேல் கவிழ்த்தோம். உருளைக்கிழங்குத் தோல், காப்பிச் சக்கை, நாலு வீட்டு வெங்காயம், அதற்கிடையே நூற்றுக்கணக்கான கருவாலி இலைகள். தொட்டால் குள்ளப் பச்சோந்திகள் நடுங்கும் என்று ராப் முன்பு சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு இலையாக விரலால் தொட்டோம்.

ஒன்பது மணிக்குக் குப்பை லாரி வந்தது. குப்பைத் தொட்டியை நேரத்துக்கு வெளியே வைக்காதவர்களைப் பற்றி முப்பது வருடமாகக் குறை சொல்லி வந்த அம்மா, இந்த வாரம் எங்கள் தொட்டி வேண்டாம் என்று லாரிக்காரரிடம் சொல்லிவிட்டார். கோடை, நாறுமே என்றார் லாரிக்காரர்.

"நாறட்டும்," என்றார் ஃப்ளைடரர் அம்மா.

பத்தே முக்கால். "என் விரலுக்கடியில் ஒரு இலை அதிர்ந்தது."

(மூன்று வரைவுகளில் இப்படித்தான் இருந்தது. பொய். நான் அந்நேரம் முதுகு வலிக்கிறது என்று படியில் உட்கார்ந்திருந்தேன். விரல் ஃப்ளைடரர் அம்மாவுடையது. "இது நடுங்குது," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைக்கக்கூட அந்தக் கையை அசைக்காமல், மூன்று மாடியும் ஏறினார்.)

5

ராப் ஊன்றுகோலோடு திரும்பி வந்த அன்றே அம்மா ஆப்பிள் கேக்கோடு மேலே போய், இலைகளை எல்லாம் தானே அள்ளிக் கொட்டியதாகச் சொன்னார். ஒன்றும் பொய்யில்லை. ராப் கேக்கை வாங்கவில்லை. அன்றிலிருந்து படியில் கண்டால் வணக்கம் சொல்வதுமில்லை. எங்கள் கட்டடத்தில் ஒருவர் வணக்கத்தை நிறுத்துவது வீட்டுக்குக் கல்லெறிவதைவிட மோசம்.

எனக்கு என்ன வந்தது தெரியுமா? ஒரு போத்தல் வைன். பெண்ணைக் காப்பாற்றியது நான்தான் என்று ராப் தானாகவே நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. நல்ல வைன்.

நேற்று அந்தப் பெண் புது இலைகளுக்கடியில் முட்டையிட்டது. ராப் என்னை அழைத்தார். பார்த்துவிட்டு இறங்கி வரும்போது ஃப்ளைடரர் அம்மா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார்.

"இட்டிட்டுதோ?"

"ஓம். மூண்டு."

"நல்லது." கதவை மூடப் போனவர் நின்றார். "நீங்கள் ஏதோ கதை எழுதிறியளாம். அதில நான் வாறனோ?"

"வாறியள்."

"அவர் எழுதித் தந்திருப்பாரெல்லோ, இலையைத் தொடாதேங்கோ எண்டு? அவர் அப்பிடி எழுதாமல் விடுற ஆள் இல்லையே. நான் வடிவாக் கேட்டிருக்க வேணும். என்ர பிழைதான். அதையும் எழுதுங்கோ."

நான் தலையாட்டினேன். தலையாட்டியது நான்தான், ஸ்வான்ட்யே அல்ல.

6

முடிவு அ: நான் குறிப்பின் இரண்டாம் பக்கத்தோடு மேலே போகிறேன். ராப் வாசிக்கிறார். வைனைத் திருப்பிக் கேட்கமாட்டார், பாதி குடித்தாயிற்று. எனக்கு வணக்கம் நின்றுபோகிறது.

முடிவு ஆ: போகவில்லை. இந்தக் கதையைத் தமிழில் அச்சிடுகிறேன். எங்கள் கட்டடத்தில் என்னைத் தவிர யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. பாவமன்னிப்புக்கு இதைவிட வசதியான மொழி எனக்குக் கிடைக்காது.

முடிவு இ: உங்களிடமே விட்டுவிடுகிறேன். இந்த மாதிரிக் கதைகளில் அதுதான் மரியாதையான வழி, விமர்சகர்களும் பாராட்டுவார்கள். ஆனால் என் கையில் இருந்ததை ஏற்கெனவே ஒருமுறை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பாரிசுக்குப் போனேன். அது எப்படி முடிந்தது என்று பார்த்தீர்கள்.

அதனால் உங்களிடம் தரமாட்டேன். எழுந்துவிட்டேன், இரண்டாம் பக்கம் கையில் இருக்கிறது. கதை இங்கேயே நின்றுவிட்டால் நான் மேலே போய்விட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே ஒரு வரி இருந்தால், இன்னும் போகவில்லை.

செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.