வக்காலத்தில் ஒரு பெயர்

திருப்பாலைவனத்தில் நெல் பயிரிடும் மாணிக்கத்தின் மகள் ஹேமாவதி. அவள் சட்டம் படித்தது எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில். இங்கே இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். படித்து முடித்து, உயர் நீதிமன்றத்தைச் சுற்றிப் பதினோரு வக்கீல் ஆபீஸ்கள் ஏறி இறங்கினாள். கல்லூரிப் பெயரைச் சொன்னதும், "அப்புறம் சொல்றோம்மா" என்றார்கள்.

கடைசியில் சேர்த்துக்கொண்டவர் சீனியர் வக்கீல் குணசுந்தரி. வேலை, கேஸ் கட்டுகளுக்குப் பக்க எண் போடுவது. ஏழு மாதம் அதைத்தான் செய்தாள். பெரிய கல்லூரியில் படித்த ஜூனியர் தமிழ்வேந்தன் கோர்ட்டில் எழுந்து பேசுவான். இவள் பின்னால் உட்கார்ந்து கேட்பாள்.

அப்போது லைட்ஹவுஸ் குப்பம் அங்கமுத்துவின் அப்பீல் வந்தது. இரு மாநிலத்துக்கும் பொதுவான ஏரியில் மீன்பிடி எல்லைத் தகராறு; ஒருவருக்கு மண்டை உடைந்ததில் அங்கமுத்துவுக்கு மூன்று வருடத் தண்டனை. ஒரே சாட்சி ஆந்திரக் கரை மீனவர். தெலுங்கில் அவர் கொடுத்த வாக்குமூலமும் மொழிபெயர்ப்பும் கேஸ் கட்டில் இருந்தன. எண் போட்டுக்கொண்டே தெலுங்கை வாசித்த ஹேமாவதியின் கை நின்றது. மொழிபெயர்ப்பில், "அவனைப் படகில் பார்த்தேன்." தெலுங்கிலோ, "அவன் படகைப் பார்த்தேன்."

தமிழ்வேந்தனிடம் காட்டினாள்.

"கீழ்க்கோர்ட்டுலயே யாரும் கேக்கலை. நீ நம்பரைப் போடு."

தப்பாகிவிட்டால் இந்த இடமும் போய்விடும். மூன்று முறை படித்துவிட்டுக் குணசுந்தரியின் அறைக்குள் போனாள்.

"உறுதியா சொல்றியா?"

"உறுதிதான் மேடம். தெலுங்கு பேசுற ஊர்லயே தங்கிப் படிச்சவ நான்."

குணசுந்தரி எடுத்துச் சொன்னதும் கோர்ட் மறுபடி மொழிபெயர்க்கச் சொன்னது; ஹேமாவதி சொன்னதே சரி என்று வந்தது. இரண்டு மாதத்தில் அங்கமுத்து விடுதலையானார். அடுத்து வந்த கேஸின் வக்காலத்துப் பத்திரத்தில் மூன்றாவது வக்கீலாகத் தன் பெயரும் இருப்பதை ஹேமாவதி பார்த்தாள்.

வீட்டில் சொன்னபோது மாணிக்கம் கேட்டார்: "இன்னாம்மா, இனிமே நீயும் எழுந்து பேசுவியா?"

"பேசுவேன் நைனா."

சந்தோஷம்தான். ஆனாலும் உள்ளே ஏதோ உறுத்தியது. அந்த வாக்குமூலம் தமிழில் இருந்திருந்தால் தன் பெயர் வந்திருக்குமா? அதே கல்லூரியில் அவளோடு சட்டம் படித்த செவ்வந்தி அவளைவிடக் கெட்டிக்காரி. அனுப்பம்பட்டு வீட்டில் இன்னும் சும்மாதான் இருக்கிறாள்.

போனை எடுத்தாள்.

"செவ்வந்தி, நாளைக்கு என்கூட ஆபீஸுக்கு வா. மேடம்கிட்ட கேட்டுப் பாக்கலாம்."

"சேத்துப்பாங்களாடி?"

"தெரியல. வா."