லிஃப்ட்காரர் தேர்ந்தெடுத்த ஓட்டல்

முப்பது வருஷம் ஒரே கம்பெனியில் லிஃப்ட் பழுதுபார்த்த மனிதருக்கு, கம்பெனி மனமிரங்கி, மனைவியோடு ஐந்து நாள் வெளிநாட்டுப் பயணம் கொடுத்தது. அதுவரைக்கும் நல்ல விஷயம்தான். கூடவே ஒரு படிவத்தையும் கொடுத்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பிறந்த தேதி, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் 'விரும்பி உண்பவை' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று ஊழியருக்கு, மற்றது மனைவிக்கு. லிஃப்ட்காரர் தன் கட்டத்தை இடம் போதாமல் ஓரத்திலும் எழுதி நிரப்பினார். மனைவியின் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷம் அவள் கையால் சாப்பிட்டவருக்கு, அவளுக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை. அவள் உட்கார்ந்து சாப்பிட்டு அவர் பார்த்ததும் இல்லை. எல்லோரும் எழுந்த பிறகு, பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதை வழித்து, "வீணாப் போகுதே" என்று நின்றபடியே சாப்பிட்டுவிடுவாள்.

'எதுவானாலும் சரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆபீஸ் குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, "கொடுத்து வெச்சவர் சார் நீங்க" என்றார். அது லிஃப்ட்காரரைக் குத்தியது. என்னைக் கேட்டால், குத்த வேண்டியதுதான்.

விமானம் ஏறுவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவளுக்குப் பிடித்தது எது என்று கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை. நேராகவே கேட்டுவிடலாமே என்பீர்கள். இருபத்தாறு வருஷம் கழித்து எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

தங்கிய விடுதியில் காலைச் சாப்பாட்டை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். உளவு பார்க்க நல்ல இடம் என்று நினைத்தார். முதல் நாள், அவர் எடுத்ததையே அவளும் எடுத்தாள். இரண்டாம் நாள் அவளை முன்னால் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் தட்டு நிறையக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "நல்லா வெந்ததாப் பாத்து எடுத்தேன், சாப்பிடுங்க." மூன்றாம் நாள் அவர் மீதி வைத்த ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு எழுந்துவிட்டாள். நான்காம் நாள் அவருக்குப் பேதி கண்டு, அவள் சாப்பிடவே போகவில்லை. ஐந்தாம் நாள் காலை அவருக்குக் கொடுத்த கஞ்சியையே அவளும் குடித்தாள்.

கடைசி நாள் மாலை மட்டும் அவரவர் இஷ்டப்படி எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம். இருந்தது அந்த ஒரு வேளைதான்.

ஓட்டலைத் தேர்ந்தெடுக்க லிஃப்ட்காரருக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் தெரியும். அந்தத் தெருவில் ஓட்டல்கள் எல்லாம் மாடியில் இருந்தன. முதல் கட்டிடத்து லிஃப்ட்டின் கதவு மூடும்போது முனகியது. "வேணாம். கதவுக்கே எண்ணெய் போடாதவன் அடுப்பையா துடைக்கப் போறான்?" அடுத்ததில் லிஃப்ட் தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அங்கே வாசனை மூக்கைத் துளைத்தும் இறங்காமலே திரும்பினார்கள்.

"நாம சாப்பிட வந்தோமா, சர்வீஸ் பண்ண வந்தோமா?" என்றாள் மனைவி.

"லிஃப்ட்ட ஒழுங்கா வெச்சிருந்தா எல்லாத்தையும் ஒழுங்கா வெச்சிருப்பான். என் அனுபவம்."

ஐந்தாவது கட்டிடத்து லிஃப்ட் சத்தமே இல்லாமல் ஏறி, தரையோடு தரையாக, ஒரு நூல் பிசகாமல் நின்றது. எதிர்ச் சுவர் முழுக்கச் சாப்பாட்டுப் படங்கள், நாற்பதுக்குக் குறையாது. நாற்பதில் ஒன்றாவது அவளுக்குப் பிடித்ததாக இருக்காதா? "இதுதான்" என்று உள்ளே நுழைந்துவிட்டார்.

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அந்தக் கதைதான். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தார், மேசையின் நடுவில் அடுப்பு இருந்தது. பரிமாறும் பெண் சிரித்த முகமாக வந்து அதைப் பற்றவைத்து, மேலே இரும்புத் தகட்டைப் போட்டாள். காளானும் கிழங்கும் மீனும் பச்சையாகவே மேசைக்கு வந்தன. ஒரு இடுக்கியையும் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். சாப்பிட வருகிறவர்களே சுட்டுச் சாப்பிடும் இடம் அது. காலமெல்லாம் படத்தைப் பார்த்து வயர் மாட்டிய மனிதருக்கு, சுவரில் இருந்த நாற்பதும் பச்சை என்பது கண்ணில் படவில்லை.

அவர் நிமிர்வதற்குள் மனைவி முந்தானையை இடுப்பில் செருகி, இடுக்கியைக் கையில் எடுத்துவிட்டாள். "அந்தத் தட்ட இப்படித் தள்ளுங்க" என்றாள். முகத்தில் துளி வருத்தம்கூட இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கடல் தாண்டிக் கூட்டிவந்தும் அவளை அடுப்பு முன்னால்தானே உட்கார வைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"அத என்கிட்ட குடு."

"உங்களுக்கு என்ன தெரியும்? பால் பொங்கினாலே என்னக் கூப்பிடுவீங்க."

"தெரியாதுதான். குடும்மா."

கொடுத்தாள் என்பதைவிட, அவர் பிடுங்கிக்கொண்டார் என்பதுதான் சரி. இருபது மாடிப் பள்ளத்தின் மேல் நின்று வேலை பார்த்த கைக்கு, ஒரு காளானைப் புரட்ட வரவில்லை. ஒரு பக்கம் கருகி, மறு பக்கம் வேகாத அதை அவள் தட்டில் வைத்தார். அவள் அதை இரண்டாக்கிப் பாதியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முதல்ல நீ சாப்பிடு."

"நீங்க சாப்பிடாம நான் எப்படிங்க?"

அதற்கு மேல் அவரால் மறைக்க முடியவில்லை. "உனக்கு என்ன பிடிக்கும்னு கம்பெனியில எழுதச் சொன்னாங்க. எனக்குத் தெரியல. எதுவானாலும் சரின்னு எழுதிட்டேன்" என்றார்.

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கே தெரியாதுங்க" என்றாள். "யாரும் கேட்டதில்ல. நானும் யோசிக்கல."

அவர் ஒவ்வொன்றாகச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் அவள் தட்டில் வைத்தார். காளான் நல்லாருக்கு என்றாள். கிழங்கு நல்லாருக்கு. மீன் நல்லாருக்கு. வெங்காயமும் நல்லாருக்கு. எது வைத்தாலும் அதே பாட்டுதான். தட்டுகள் காலியாகக் காலியாக அவருக்கு நம்பிக்கையும் குறைந்துகொண்டே வந்தது.

கொஞ்சம் காளானும் கத்திரிக்காயும்தான் மிச்சம். ஒரு கத்திரிக்காய்த் துண்டை வைத்தார். கத்திரிக்காய் என்றால் அவருக்கு உயிர். வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் அதுதான். அவள் ஒரு கடி கடித்தாள், மென்றாள், நிறுத்தினாள். அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, மீதித் துண்டை அவர் தட்டுக்குத் தள்ளினாள்.

"இது எனக்குப் பிடிக்கலங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்தே பிடிக்கல."

இருபத்தாறு வருஷத்தில் அவள் வேண்டாம் என்று எதையும் ஒதுக்கி அவர் பார்த்ததில்லை.

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "அந்தக் காளான் இன்னும் ரெண்டு போடுங்க" என்றாள். "கருக்கிடாம."