கடைசி ஜோடியும் கொழும்பு பஸ்ஸும்

1

இது நானாக யோசித்த கதையல்ல; ரொட்னி கேட்டதால் எழுதுகிறேன். காலி நகரத்துக் கோட்டைக்குள் நான்கு அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் கதை எழுதுகிறவன் நான். இங்கிலாந்து அணி இலங்கைக்கு வரும்போதெல்லாம் முதுகுப்பையோடு வந்து என் பின்னறையில் தங்குவார் ரொட்னி. தெருவில் எல்லோரையும் போல, அண்ணன் என்ற பொருளில், என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவார். போன மாதம் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "நானா, நீங்கதான் கதை எழுதுறீங்களே. ஒரு தரமாவது என்னை எழும்ப வையுங்க."

2

முதல் தொடக்கம்: கடல் அன்று நீலமாக... வேண்டாம். கடல் என்றைக்குத்தான் நீலமாக இல்லை?

இரண்டாம் தொடக்கம்: ரொட்னிக்கு அப்போது இருபத்தாறு வயது. கையில் போன் இல்லாத காலம். கண்டி மேட்ச்சில் மழை கொட்டியபோது ஒரே பிளாஸ்டிக் விரிப்புக்குள் ஒதுங்கியதில் பழக்கமானவள் ஃப்ரேயா. பிறகு ஐந்து வாரம், இரண்டு பைகள், ஒரே தண்ணீர்ப் போத்தல். எல்ல என்ற மலையூருக்குப் போகும் ரயிலின் வாசற்படியில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். தம்புள்ளையில் ஒரு கொத்து ரொட்டியை இருவருமாகத் தின்றார்கள். அந்த ஐந்து வாரத்தைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் அவர் குரல் இளகிவிடும். எனக்குப் பொறாமையாக இருக்கும். (இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.)

3

கடைசி டெஸ்ட், கடைசி நாள், பிற்பகல். கோட்டை மதில்மேல் உட்கார்ந்தால் கீழே மைதானம், அதை ஒட்டியே பஸ் நிலையம். இங்கிலாந்துக்கு ஒன்பது விக்கெட் போய்விட்டது. வெற்றிக்கு இன்னும் பதினெட்டு ஓட்டம் வேண்டும். ஜோடி நிலைத்து ஆடும்போது ரசிகன் இடத்தைவிட்டு அசையக் கூடாது, அசைந்தால் விக்கெட் விழும். இது அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவான மதம்.*

ஃப்ரேயாவுக்கு அன்றிரவு விமானம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நாலு மணி பஸ். வா, ஏத்திவிட்டுட்டு வா."

"இந்த ஓவர் முடியட்டும்."

"போன ஓவர்லயும் இதைத்தானே சொன்ன?"

"நான் எழும்பினா விக்கெட் போயிடும், ஃப்ரேயா!"

"நீ எழும்பாட்டி நான் போயிடுவன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பஸ்ஸின் படியில் ஏறி, அவள் மதிலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்தபடியே கையை ஆட்டினார். முகவரியை பஸ் நிலையத்தில் வைத்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

இங்கிலாந்து ஜெயித்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். தோற்றிருந்தால் என்னையே திட்டித் தீர்த்திருப்பேன் என்பார். ஜெயித்துத் தொலைத்ததால், தான் செய்தது தவறு என்று இன்றுவரை முழுதாக நம்ப முடியவில்லை அவருக்கு.

*நான் அன்று எதிர்ப்பக்கம். அந்தக் கடைசி விக்கெட் விழ வேண்டுமென்று நேர்ந்துகொண்டவன். ஆகவே ரொட்னியை எழுப்புவதில் எனக்கும் சுயநலம் உண்டு.

4

நேற்று எழுதி, அவருக்குப் புரியும்படி வாசித்துச் சொன்னேன். அதில் அவர் எழுந்து, மதிலிலிருந்து இறங்கி ஓடி, நகரும் பஸ்ஸின் கம்பியைப் பிடிக்கிறார். ஃப்ரேயா சட்டைக் காலரைப் பற்றி உள்ளே இழுத்துப்போடுகிறாள்.

ரொட்னியின் கண் கலங்கிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு, நானா. அந்த விக்கெட் என்ன ஆச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. தன் வாயிலிருந்து வந்ததை அப்போதுதான் கேட்டவர்போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? நான் இன்னும் எழும்பவே இல்ல."

5

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மறுபடி ஆரம்பித்தேன்: [ரொட்னி இரண்டு கைகளையும் மதிலில் ஊன்றி,

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. பஸ்ஸை நிறுத்திவைத்திருக்கிறேன். நடத்துனர் "கொழும்பு, கொழும்பு" என்று கத்திக்கொண்டிருக்கிறார். ஃப்ரேயா படியில் நிற்கிறாள். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எழுப்புவதானால் அவரை எழுப்புங்கள். ஸ்கோரை மட்டும் அவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.