ஸ்ட்ரெதமில் தங்கிவிட்ட சிவப்பு முக்கோணம்

லெவ் மரூகின் வரைந்த சிவப்பு முக்கோணமும் நீல வட்டமும் இரண்டு கறுப்புப் பட்டைகளும், யாராவது தங்களை மதிப்பிட வந்தால் உடனே கன்வஸின் பின்பக்கம் போய்விடும். இது முதலில் தெரியவந்தது மொஸ்கோவில். அனுமதியில்லாத ஓவியங்களைத் தேடி அதிகாரிகள் மூன்று தடவை அவருடைய அறைக்கு வந்தார்கள். மூன்று தடவையும் வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு, சோம்பேறி என்று எழுதிக்கொண்டு போனார்கள். 1978இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறியபோது, சுங்கத்தார் கன்வஸின் மரச்சட்டத்தில் ‘வெற்றுத் துணி, கலைப் பெறுமதி இல்லை’ என்று முத்திரை குத்தி அனுப்பிவைத்தார்கள். லண்டனில் அவரைப் பார்க்க வந்த காட்சிக்கூடக்காரர்களுக்கும் அதே வெள்ளைதான் தெரிந்தது. அந்த வருடங்களில் வெள்ளைக்கு மவுசு இல்லாததால் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

லண்டனின் ஸ்ட்ரெதம் பகுதியில் அவருடைய வீட்டுக்கு நேர் மேல்மாடியில் சிவனேஸ்வரி குடியிருந்தார். பாடசாலைச் சமையலறையில் வேலை. கணவர் தேவராசா குரோய்டனில் ட்ராம் ஓட்டுகிறார். பதினொரு வருடங்களாகக் கிழவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர் சிவனேஸ்வரிதான். படம் என்ன விலை போகும் என்று அவர் ஒருநாளும் யோசிக்காததால் நான்கு உருவங்களும் அவருக்கு முன்னால் தாராளமாக நின்றன. முக்கோணம் சாய்ந்து நிற்கிறதே என்று ஒருமுறை அவர் சொன்னபோது, லண்டனில் தன் படத்தைப் பார்த்த முதல் ஆள் நீதான் என்று மரூகின் கையைப் பிடித்துக்கொண்டார். போன வருடம் மாசி மாதம் மரூகின் இறந்தார். உறவினர் யாரும் இல்லை. கவுன்சில் அவரைக் கல் இல்லாத குழியில் புதைத்தது. நின்றவர்கள் மூன்று பேர்: சிவனேஸ்வரி, தேவராசா, கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்த கவுன்சில் அலுவலர். படத்தைச் சிவனேஸ்வரிக்கு என்று உயில் எழுதியிருந்தார். அந்த மனிதரின் பெயர் ஒரு கல்லிலாவது இருக்கவேண்டும் என்று சிவனேஸ்வரி நினைத்தார். கல் வைக்கும் உரிமைக்கு மயானத்தில் கேட்ட தொகை இரண்டு பேரின் சம்பளத்துக்கும் எட்டவில்லை. ஆகவே படத்தை விற்பதென்று முடிவாயிற்று.

ஏல நிறுவனத்திலிருந்து பெல்லமி என்ற நிபுணர் வந்தார். கன்வஸின் முன்னால் ஆறு நிமிடம் நின்றார். பிறகு அவருடைய கண்கள் கலங்கின. ஒடுக்கப்பட்ட மனிதனின் மௌனம் இதைவிடச் சத்தமாக ஒலிக்க முடியாது என்றார். இது வெள்ளையில்லை, சிவப்பு முக்கோணமும் நீல வட்டமும் இருக்கின்றன, ஆட்களைக் கண்டு ஒளிந்துவிட்டன என்று சிவனேஸ்வரி ஆங்கிலத்தில் விளக்கினார். நீங்கள் உணர்வதைத்தான் கலைஞர் விரும்பினார் என்று பெல்லமி கனிவாகப் புன்னகைத்தார். விற்பனைப் பட்டியலில் நான்கு பக்கம் எழுதினார்கள். சுங்க முத்திரைக்கு மட்டும் ஒரு முழுப்பக்கம். மரூகின் உலகத்தால் மறக்கப்பட்டு இறந்தார் என்று அதில் உருகியிருந்த பெல்லமி, முப்பது வருடங்களாக அவருடைய வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் வசித்துவந்தார்.

வெள்ளைக் கையுறை போட்ட இருவர் வந்து கன்வஸை எடுத்துப்போன பின்னர், சிவனேஸ்வரி தேநீர் போடத் திரும்பினார். குசினிச் சுவரில் நான்கு உருவங்களும் நின்றன.

“இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ. அவையள் வெறும் துணியைத்தான் கொண்டு போகினம். படம் இஞ்சை நிக்குது.”

தேவராசா வந்து பார்த்தார். “வட்டம் கொஞ்சம் கீழை இறங்கிட்டுது.”

“பகிடி விடாதேங்கோ. இது களவெல்லே? நாளைக்கு ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது?”

“இப்பவே போன் அடிச்சுச் சொல்லும்.”

சிவனேஸ்வரி ஏல நிறுவனத்தை மூன்று தடவை அழைத்துச் சொன்னார். பட்டியலில் குறிப்பிட்டபடியே, எந்தச் சேதமும் இல்லாமல் வெள்ளையாக வந்து சேர்ந்திருக்கிறது என்று மூன்று தடவையும் பதில் வந்தது.

ஏலத்தன்று தேவராசா ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூட வந்தார். எண்பதாயிரம் பவுணில் தொடங்கியது. இருநூறாயிரத்தில் சிவனேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லக் கையைத் தூக்கினார். “இருநூற்றுப்பத்து, நீலக் கோட்டு அணிந்த அம்மையாருக்கு” என்றார் ஏலக்காரர். சிவனேஸ்வரி எழுந்து, அதில் ஒன்றுமே இல்லை, உருவங்கள் என் குசினியில் இருக்கின்றன என்று சொன்னார். சபை அன்போடு சிரித்தது. விலையைக் குறைக்கப் பார்க்கும் தந்திரக்காரி என்று எண்ணித் தொலைபேசியில் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர் அவசரமாக இருநூற்று முப்பது என்றார்.

தேவராசா மனைவியின் கோட்டைப் பிடித்து இழுத்தார். “கையைக் கீழை விடும். எங்கடை படத்தை நாங்களே வாங்கப் போறம்.”

“நான் உண்மையைச் சொல்லத்தானே எழும்பினனான்.”

“உம்மடை உண்மைக்குத்தான் விலை ஏறுது. இரும்.”

சிவனேஸ்வரி உட்காரவில்லை. இன்னும் இரண்டு தடவை எழுந்து சொன்னார். முந்நூற்று நாற்பதாயிரத்தில் சுத்தியல் விழுந்தது. கைதட்டலுக்கு நடுவில் சிவனேஸ்வரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மகிழ்ச்சியில் அழுகிறார் என்று நினைத்து யாரோ ஒரு கிளாஸ் வைன் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும் எழுதி ஏல நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். படத்தை வாங்கியவர் அம்மையாரின் நகைச்சுவையை மிகவும் ரசித்தார் என்று பதில் வந்தது. வாங்கியவர் கன்வஸை ஒருநாளும் சுவரில் மாட்டவில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில், ஆணி அடித்த மரப்பெட்டிக்குள் அது பத்திரமாக இருக்கிறது. ஓவியத்தை வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை என்று பணமுள்ளவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஐப்பசியில் கல் வைத்தார்கள். ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் பெயர், அதற்குக் கீழே ‘ஓவியர்’ என்ற ஒரே சொல். பெல்லமிக்கு அழைப்புப் போயிருந்தது. வெள்ளைத் துணிக்காகக் கலங்கிய கண்கள் அன்று வேறு அலுவலில் இருந்தன. எழுத்துகளைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, சிவனேஸ்வரி வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சுவிட்டார்.

உருவங்கள் குசினியிலேயே இருக்கின்றன. பிட்டு அவிக்கும் ஆவி சிவப்பு முக்கோணத்துக்கு ஒத்துக்கொள்ளாமல், அது அடுப்புக்கு மேலிருந்து ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டது. அதற்கு இடம் போதாதென்று தேவராசா மணிக்கூட்டைக் கழற்றி ஹாலில் மாட்டினார். அந்த வீட்டில் நேரம் பார்க்க இப்போது ஹாலுக்குத்தான் போகவேண்டும்.