யாருடைய நாலு விரல்

"தையல்காரம்மா வீட்டுப் பொண்ணுதானே நீ?"

நாங்கள் குடிவந்த மூன்றாம் நாள், கம்பிக் கதவுக்கு வெளியே நின்று அந்த அக்கா இப்படித்தான் கேட்டாள். நான் தலையாட்டினேன். யார் எதைக் கேட்டாலும் எனக்கு வாய்க்கு முன்னால் தலை ஆடிவிடும். ஒன்பதாம் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டபோதெல்லாம் ஆட்டி ஆட்டித்தான் பள்ளிக்கூடமே என் கையை விட்டுப் போனது.

எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்திருக்கிறார். பெருக்கப் பெருக்க நூல் துண்டு வந்தது. வெறுங்காலோடு நடந்தால் குண்டூசி குத்தியது. ஜன்னல் இடுக்கில், துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் ஒன்று, தேய்ந்த சோப்பு வில்லை மாதிரித் தட்டையாகக் கிடந்தது. அவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஆட்டிய தலையை எப்படித் திரும்ப வாங்குவது?

"அவங்க ஊருக்குப் போயிட்டாங்கன்னு கீழே சொன்னாங்க. நல்லவேளை, நீயாவது இருக்கியே" என்று சொல்லி, கம்பி வழியாக ஒரு துணிப்பையை நீட்டினாள். உள்ளே கருநீல பேன்ட். "டிப்போல ஆம்பளைங்க அளவுலதான் யூனிஃபார்ம் குடுக்கறாங்க. திங்கக்கிழமை முதல் தடவையா நான் தனியா பஸ் எடுக்கறேன், தங்கச்சி. பேன்ட் கால் தொங்கி பிரேக்குல மாட்டுச்சுன்னா பஸ்ஸு நேரா கடைக்குள்ள போய் சாமான் வாங்கிட்டுத்தான் வெளிய வரும்." தன் நாலு விரலைத் துணியின் ஓரத்தில் வைத்துக் காட்டினாள். "இவ்ளோ குறைச்சா போதும். நாலு விரல்."

அதற்கும் தலையாட்டினேன்.

அந்தப் பேட்டையில் எனக்கு எதுவுமே பிடிபடவில்லை. நாலு கட்டிடங்கள், நாலும் ஒரே மஞ்சள், ஒரே மாதிரிப் படிக்கட்டு. ஒருநாள் பால் வாங்கிக்கொண்டு வந்து, மூன்றாம் மாடி ஏறி, சாவியைப் போட்டுத் திருகு திருகென்று திருகினேன். உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் "யாரது?" என்றதும் பால் பையோடு ஓட்டம் பிடித்தேன். வீட்டுக்குள்ளும் அதே கதைதான். "இந்த வீட்டுக்கு நம்மளப் பிடிக்கல போல. ஃபேன் சுவிட்சைப் போட்டா குளியலறையில லைட் எரியுது" என்றாள் அம்மா. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு ஆறு மணிக்கு வருவாள். அதுவரை நானும் சுவிட்சுகளும்தான்.

அக்கா தினமும் ஐந்து மணிக்கு டிப்போவிலிருந்து வரும்போது கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எந்தக் கடையில் எடை குறையும், எந்த நாய் குரைப்பதோடு சரி, எல்லாம் சொல்வாள். "உன் கட்டிடம் மூணாவது. முதல் மாடியில ஒரு பச்சை வாளி தொங்கும். அதைப் பாத்து ஏறு. அன்னிக்கு பால் பையோட ஓடினியே, பாத்தேன். சாவியை வெச்சுக்கிட்டு ஊர்க்கதவையெல்லாம் திறக்காத." நான் பதிலே சொல்லாதது அவளுக்கு உறைத்த மாதிரி தெரியவில்லை. என் பங்குக்கும் சேர்த்து அவளே பேசினாள். அந்த ஊரில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

இரவில் என் நோட்டில் எழுதினேன். என் நோட்டுகளைப் பற்றி அம்மாவுக்கே தெரியாது. "நான் தையல்காரம்மா மகள் இல்லை. அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் நாளைக்கு வரமாட்டாள்." அதற்குக் கீழே இன்னொரு வரி. "நாலு விரல் என்றால் யாருடைய நாலு விரல்? அவள் விரல் தடிமன். என் விரல் ஈர்க்குச்சி. கேட்டால் தையல் தெரியாதவள் என்று கண்டுபிடித்துவிடுவாள்."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வேலை இருந்தது. பேன்ட்டைத் தரையில் விரித்து, என் நாலு விரலை வைத்து சாக்பீஸால் கோடு போட்டேன். வெட்டப் பயம். உள்பக்கமாக மடித்துக் கையாலேயே தைத்தேன். நேராகத்தான் தைத்தேன் என்று நினைக்கிறேன். படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் பேன்ட், சாக்பீஸ், பக்கத்தில் கிடந்த நோட்டு எல்லாவற்றையும் வாரிப் பைக்குள் திணித்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அக்கா வந்தாள். "ஆச்சா?" பையை எடுத்துக் கம்பி வழியாகக் கொடுத்தேன்.

"யாருடி அங்க?" என்று குளியலறையிலிருந்து குரல்.

"யாரும் இல்லம்மா."

அக்கா சிரித்தாள். "நான் யாரும் இல்லையா? சரிதான். அம்மா ஊர்லேர்ந்து வந்துட்டாங்களா?"

தலையாட்டினேன்.

அவள் இறங்கிப் போன பிறகுதான் நோட்டு ஞாபகம் வந்தது. கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவினேன். தூசிதான் இருந்தது.

திங்கட்கிழமை முழுவதும் ஜன்னலில் நின்றேன். ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் எட்டிப் பார்த்தேன். ஒரு நேரம் அவள் பேன்ட் பிரேக்கில் மாட்டியிருக்குமோ என்று பயந்தேன். இன்னொரு நேரம் நிறுத்தத்தில் உட்கார்ந்து என் நோட்டைப் படித்துக்கொண்டிருப்பாளோ என்று பயந்தேன். எது பெரிய பயம் என்று எனக்கே தெரியவில்லை. ஐந்து மணி ஆனது, ஆறு ஆனது. அவள் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தாள். யூனிஃபார்மில் இருந்தாள். என் மடிப்புக்கு மேலே இன்னொரு மடிப்பு மடித்து, தடித்த கறுப்பு நூலால் யாரோ அவசர அவசரமாகத் தைத்திருந்தார்கள். ஷூ முழுதாகத் தெரிந்தது. எப்போதும் படியேறும்போதே பேச்சைத் தொடங்குகிறவள், அன்று பையை மட்டும் கம்பி வழியாக நீட்டினாள்.

மேலே என் நோட்டு. அதற்குக் கீழே இன்னொரு கருநீல பேன்ட். இரண்டு காலிலும் சாக்பீஸால் கோடு போட்டிருந்தது. அடியில் அந்தச் சாக்பீஸ். கோட்டுக்கும் ஓரத்துக்கும் நடுவே என் விரல்களை வைத்துப் பார்த்தேன். நாலு விரல் போதவில்லை. ஐந்தாவது விரலும் தேவைப்பட்டது.

யாருடைய நாலு விரல் என்று நான் அவளிடம் கேட்டதே இல்லை. நோட்டில் மட்டும்தான் கேட்டிருந்தேன்.

கோபமென்றால் இன்னொரு பேன்ட்டை எதற்குக் கொண்டுவர வேண்டும்? கோபமில்லையென்றால் ஏன் வாயைத் திறக்கவில்லை? முகத்தைப் பார்த்தேன். படிக்கத் தெரியவில்லை.

"அக்கா" என்றேன். அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. "நான் அவங்க பொண்ணு இல்ல. எனக்குத் தைக்கவும் தெரியாது."

அக்கா, நான் எல்லோருக்கும் ஆட்டுகிற மாதிரியே, மெல்லத் தலையாட்டினாள். தெரியும் என்றா, போதும் என்றா, தைத்து வை என்றா?

கேட்பதற்குள் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, பையை என்னிடமே விட்டுப் படியிறங்கிப் போனாள்.