ஊளைக்குரங்குகளின் கால அட்டவணை

பனாமாவின் ஊளைக்குரங்கு எந்த மரத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் கத்தும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய மனிதன் உலகத்தில் ஒருவன்தான். அவன் பெயர் எலாதியோ கிந்தெரோ. உலகம் இதை இன்னும் அறிவிக்காததால் எலாதியோவே அறிவித்தான், ‘மரியா லுஸ்’ கப்பலின் சாப்பாட்டு மேசையில், பதினாறு பயணிகளுக்கு முன்னால், கையில் கடித்த ஓஹால்திரேயுடன். எண்ணெயில் பொரித்த அந்த மாவுப் பண்டம் ஆறும்வரை பேசினான். நாளைக் காலை ஐந்து ஐம்பத்திரண்டு என்றான். இரண்டு நிமிடம் முன்னே பின்னே ஆனால் அது குரங்கின் பிழை என்றான்.

பனாமா கால்வாயில் ஓடும் சின்னக் கப்பல் அது. ஒரு சமுத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக மற்றவை எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டால் இது மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். நடுவில் கத்தூன் ஏரியில், காப்புக்காட்டின் ஓரமாக நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகள் காசு கொடுப்பதே அந்தத் தாமதத்துக்குத்தான்.

கப்பலிலிருந்து பயணிகளைக் காட்டோரம் கூட்டிப்போகும் படகோட்டி யாரிசெலிடம் கால அட்டவணை எதுவும் கிடையாது. ஏரியில் படகு ஓட்டுகிற எல்லோரையும் போல அவளும் கரையோரம் மோட்டாரை நிறுத்துவாள், வாயைச் சுற்றிக் கையைக் குவிப்பாள், மோவாயைக் கழுத்துக்குள் அழுத்தி அடிவயிற்றிலிருந்து ஓர் ஊளை விடுவாள். எவனோ தன் மரத்துக்குப் பங்கு கேட்டு வந்துவிட்டான் என்று உள்ளேயிருந்து ஆண்குரங்கு பதில் சொல்லும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எலாதியோ இதைத் தடை செய்தான். இயற்கை வழிகாட்டி அவன், படகில் அவன் சொல்தான் சட்டம்.

“மரத்தை விட்டு இறங்க நம்ம ஆளுங்களுக்கு எத்தனை லட்சம் வருஷம் ஆச்சு தெரியுமா? நீ ஒரு நிமிஷத்துல திரும்ப ஏத்தி விட்டுடறே.”

“சம்பளத்துக்குத்தானே ஏத்தறேன், புரொஃபசரே” என்றாள் யாரிசெல். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

குரங்குகளும் நிறுத்திக்கொண்டன. இரண்டு பயணம் காடு வாயே திறக்கவில்லை. பயணிகள் கருத்துச் சீட்டில் சாப்பாட்டைப் புகழ்ந்துவிட்டு இறங்கிப் போனார்கள். கேப்டன் ஆர்ச்சிபோல்ட் அதிகம் பேசுகிறவர் அல்ல. எலாதியோவைக் கூப்பிட்டு, அவனை நிரந்தரமாக்கும் காகிதம் மேசையில்தான் இருக்கிறது என்று காட்டினார். இந்தத் தடவையும் குரங்குச் சத்தம் கேட்காவிட்டால் அதில் வேறொருவன் பெயரை எழுதிவிடுவேன் என்றார்.

எலாதியோ நேராக யாரிசெலிடம் போனான். உள்ளூர் மரபுகளை விஞ்ஞானம் மதிக்கத்தான் வேண்டும் என்று யோசித்துப் பார்த்ததில் தோன்றியதாகவும், நாளைக்கு அவள் விரும்பினால் ஊளையிடலாம், தனக்கு ஆட்சேபம் இல்லை என்றும் பெருந்தன்மையாகச் சொன்னான். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். முந்தின நாள் பேஸ்பால் இறுதி ஆட்டம். கொலோன் அணிக்காக ஒன்பது இன்னிங்ஸும் நின்று கத்தியிருக்கிறாள். காற்றுதான் வந்தது.

“ஜெயிச்சிட்டோம்” என்றது அந்தக் காற்று.

பதிவு செய்த ஒலியைப் போட்டுக் காட்டக் காப்புக்காட்டில் அனுமதி இல்லை. சொந்தத் தொண்டையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அந்த விதியை எலாதியோ அன்றைக்கு மூன்று முறை படித்தான்.

விடிகாலையில் படகு கரையோரம் நின்றது. எலாதியோ முன்முனையில், பயணிகள் நடுவில், யாரிசெல் பின்னால். ஆறரைக்குள் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும், கப்பலைக் கால்வாயில் நடத்திப்போகும் பைலட் ஏறிவிடுவார். ஐந்து ஐம்பத்திரண்டு வந்தது, போனது. ஆறு மணியும் போனது. ஒரு மீன்கொத்தி மட்டும் தன் வேலையைப் பார்த்தது. எலாதியோ ஊளைக்குரங்கின் தொண்டையில் கிண்ணம் மாதிரி இருக்கும் எலும்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான். எலும்பைக் கேட்க யாரும் வரவில்லை.

தாவீத் ஊரிலிருந்து வந்திருந்த தோன்யா மெல்வா, பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், குடையை மடக்கினார். “தம்பி, எங்க வீட்ல மருமகன் இருக்கான். அவன் கத்தறதைக் கேட்கக் கப்பல் ஏற வேண்டியதில்ல. போலாமா?”

யாரிசெல் மோட்டார்க் கயிற்றில் கை வைத்தாள்.

“ஒரு நிமிஷம்” என்றான் எலாதியோ. “இங்க ஒரு நீர்ச்செடி. ரொம்ப அபூர்வம்.”

எல்லோருக்கும் முதுகைக் காட்டி, முன்முனையில் கவிழ்ந்து தண்ணீருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். கை தானாகக் குவிந்தது. முதலில் வந்தது கிணற்றில் விழுந்த நாய்க்குட்டியின் குரல். பயணிகள் இடப்பக்கக் கரையைப் பார்த்தார்கள். அவன் தோளுக்கு மேல் யாரிசெலைப் பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பில்லை. அடிவயிற்றில் கை வைத்து அழுத்திக் காட்டினாள். மோவாயை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி விட்டான்.

காடு இடிந்து விழுவது போல ஒரு சத்தம். தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது குரங்கு, இவ்வளவு நேரமும். அடுத்த மரமும் சேர்ந்துகொண்டது, ஏரிக்கு அந்தப் பக்கமும். கனடாக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தோன்யா மெல்வா வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். “இதோட வச்சுப் பார்த்தா என் மருமகன் ஊமை” என்றார், ஏதோ கடன் தீர்ந்தவர் மாதிரி.

எலாதியோ நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். “ஆறு பதினேழு. இருபத்தஞ்சு நிமிஷம் லேட். நேத்து மழை பெஞ்சுதில்ல, அதான்.”

ரேடியோவில் கேப்டனின் குரல் வந்தது. கப்பல்வரைக்கும் கேட்கிறதாம். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்.

சத்தம் மெல்ல அடங்கியது. தோன்யா மெல்வா குடையைக் காலடியில் போட்டார். “இன்னொரு தடவை கத்துமா தம்பி?”

அட்டவணைப்படி கத்த வேண்டும் என்றான் எலாதியோ. பிறகு அந்த நீர்ச்செடியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கக் குனிந்தான்.