காம்போடு போட்ட ஷிராஸ்

அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்தும் ஒயின் ஆலை அது. திராட்சையிலிருந்து காம்பைப் பிரிக்கும் இயந்திரம் அறுவடையன்று பார்த்துப் படுத்துவிட்டது. தங்கை அசரவில்லை. தன் பங்கு ஷிராஸ் திராட்சையைக் கொத்துக் கொத்தாகக் காம்போடு தொட்டியில் கொட்டி, காலால் மிதித்து நொதிக்கவிட்டாள்.

"கசந்து வழியும். வினிகருக்குத்தான் ஆகும்," என்று அண்ணன் தாம்தூம் என்று குதித்தான்.

அவள் அதை ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை வருடம் வைத்திருந்தாள்.

இன்று ருசி பார்க்கும் நாள். எது யாருடையதென்று தெரியாதபடி, வழக்கம்போல ஆறு புட்டிகளுக்கும் காலுறை மாட்டியிருந்தார்கள். அண்ணன் ஒவ்வொன்றாக உறிஞ்சி, போதை ஏறாமலிருக்க வாளியில் துப்பிக்கொண்டே வந்தான். நான்காவதைத் துப்ப மறந்துவிட்டான். முதலில் நாவற்பழ வாசனை, பின்னாலேயே நசுக்கிய மிளகின் காரம், தொண்டையில் பட்டுப்போல இறங்கியது.

"இந்த வருஷம் நம்ம ஒயின்லயே இதுதான் முதல் தரம். என் பீப்பாய்னு மோந்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"காலுறையைக் கழட்டுண்ணா."

கழற்றினான். புட்டியில் அவள் கையெழுத்தில் ஒரே வார்த்தை: 'காம்போடு.'

அண்ணன் மெல்ல வாளியைத் தன் பக்கம் இழுத்தான்.

"அது இனிமே எதுக்கு?" என்றாள் தங்கை. "அதான் முழுங்கிட்டியே."